கடல் கொண்டவன் பங்கு

ஏட்டு வாசுதேவன் அரசுவைப் பிடிக்க ஏழு தடவை குப்பத்துக்குப் போனார். ஏழு தடவையும் அரசு அகப்படவில்லை. முதல் தடவை கேரளாவுக்கு வலை இழுக்கப் போயிருந்தான். இரண்டாம் தடவை மாலை போட்டு மலைக்குப் போயிருந்தான். அப்போது ஆனி மாதம். மூன்றாம் தடவை வீட்டில்தான் இருந்தான், ஏட்டைக் கண்டதும் கடலில் குதித்துவிட்டான். ஏட்டுக்கு நீச்சல் தெரியாது, பூட்ஸ் வேறு புதுசு. மற்ற நாலு தடவையும் சொந்தத்தில் யாரோ செத்து, அவன் காரியத்துக்குப் போயிருந்தான். அந்தக் கணக்கில் அவன் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் இன்றைக்கு உயிரோடு இருக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் வாசல் கொடியில் அவன் லுங்கி ஈரம் சொட்டிக்கொண்டிருக்கும். ஏட்டு அந்த லுங்கிக்குக் கீழே நின்றுதான் "ஆசாமி இல்லை" என்று எழுதுவார். செங்கல்பட்டு ஜில்லாவில் கண்ணெதிரே மறையும் வித்தை இரண்டுக்குத்தான் கைவந்தது. ஒன்று அரசு. இன்னொன்று கேஸ் மானியம்.

வாரண்டு வாங்கியவள் அவன் பெண்சாதி ரெபேக்காள். இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து மாதம் ஐயாயிரம் ஜீவனாம்சம் என்று ஜட்ஜம்மா தீர்ப்புச் சொன்ன அன்றைக்கு, கோர்ட் வாசலில் ஆளுக்கொரு கடலைமிட்டாய் வாங்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்தாள். தீர்ப்பு வந்து இருபத்திரண்டு மாதம் ஆகிறது. அதிலிருந்து பிள்ளைகள் வாய்க்குப் போனது அந்தக் கடலைமிட்டாய்தான். அதுவும் அவள் காசு.

"கவர்மெண்ட் உத்தியோகமா இருந்தா சம்பளத்துலயே புடிச்சிடலாம்மா" என்றார் வக்கீல் ஷீலா. "இவனுக்குச் சம்பளம் குடுக்கறது கடலு. கடலுக்கு எந்த அட்ரஸ்ல நோட்டீஸ் அனுப்புறது?"

போட்டு கீட்டு எதுவும் தனக்கு இல்லை, அடுத்தவன் போட்டில் கூலிக்குப் போகிறவன் என்று அரசு கோர்ட்டில் சத்தியம் செய்திருந்தான். பாதி போட்டு அவனுடையது. அது கடலுக்குத் தெரியும், குப்பத்துக்குத் தெரியும், காகிதத்துக்குத்தான் தெரியாது.

ரெபேக்காள் பிறந்தது கருங்குழிப் பக்கத்துக் காலனியில். அவள் அப்பா மோசஸ் காலம் வரைக்கும் அடுத்தவர் கழனியில் நாற்றுப் பிடுங்கிய குடும்பம். அவள் மகாபலிபுரத்து ஓட்டல் ஒன்றில் பெட்ஷீட் மாற்றிக்கொண்டிருந்தபோது, சமையல்கட்டுக்கு வஞ்சிரம் கொண்டுவந்த அரசு, அவளைப் பார்ப்பதற்காகவே நாளைக்கு நாலு தடவை ஒவ்வொரு மீனாகக் கொண்டுவந்தான். அப்படி வந்தவன்தான், இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்ததும் ஒரு நாள் காலையில் அம்மா வீட்டுக்கு நாஸ்தா தின்னப் போகிறேன் என்று போனான். ஐந்து வருஷமாக இன்னும் தின்றுகொண்டிருக்கிறான்.

இப்போது அவள் அணுசக்தித் துறைக் குடியிருப்பான அணுபுரத்தில் மூன்று வீட்டில் சமைத்து, பாத்திரம் தேய்த்து, கேட்டுக்கு வெளியே ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறாள். பெரியவள் ஜாய்ஸுக்குப் பத்து வயது, சின்னவள் ஜெனிட்டாவுக்கு ஐந்து. மூன்று வீட்டுச் சம்பளத்தில் வாடகை போக இரண்டு வயிறுதான் நிரம்பும். இருப்பதோ மூன்று. அதனால் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஜாய்ஸை இலவச ஹாஸ்டலில் விடுவது என்று முடிவு செய்து படிவம் வாங்கி வந்திருந்தாள். திங்கட்கிழமை கடைசி நாள். எல்லாவற்றையும் நிரப்பிவிட்டாள். ஒரு கேள்விதான் பாக்கி: தகப்பனார் உயிருடன் இருக்கிறாரா, இல்லையா.

"ஹாஸ்டல்ல ராத்திரிக்கும் சோறு போடுவாங்களாம்மா?" என்று ஜாய்ஸ் கேட்டாள்.

"போடுவாங்க."

"அப்ப பாப்பாவையும் இஸ்துகினு போறேன்."

ரெபேக்காள் படிவத்தை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடுவது என்று சனிக்கிழமை காலை ஏட்டு வாசுதேவனைக் கூப்பிடப் போனாள். அன்றைக்கு அக்னி நட்சத்திரம் தொடங்கி எட்டாம் நாள்.

ஆசாமியைப் பிடிக்கப் போவது போலீஸ். ஆட்டோ, நாஸ்தா, தண்ணீர் பாட்டில் எல்லாம் புகார் கொடுத்தவள் செலவு. சட்டத்தில் அப்படி எங்கும் இல்லை என்றாலும் அது ஒன்றுதான் தவறாமல் நடந்தது. ஆட்டோ அவள் தம்பி ஜெபசிங்குடையது. வழியில் பொங்கலுக்கு நிறுத்தினார்கள்.

"இன்னாம்மா, இன்னிக்காவது இருப்பானா?" என்றார் ஏட்டு.

"நீங்க முன்னாடியே போன் போட்டுச் சொல்லாம இருந்தா இருப்பான் சார்."

ஏட்டு வடையைப் பாதி வழியில் நிறுத்தினார். "வாய் ஜாஸ்தியா கீது உனக்கு."

"வடை ஆறிடும் சார், துண்ணுங்க."

கரையில் எட்டரை மணிக்கே மணல் சுட்டது. பெரிய விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பைபர் போட்டுகளுக்கு அது இல்லை. ஆகவே இருக்கிற மீனுக்கு விலை ஏறி, குப்பம் வருஷத்திலேயே நன்றாகச் சாப்பிடும் மாதம் அது. டிராக்டர் ஒவ்வொரு போட்டாகக் கயிறு கட்டி மேலே இழுத்துக்கொண்டிருந்தது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து நண்டு வலையில் சிக்கிய நண்டுகளைக் கால் உடையாமல் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஏலக் கொட்டகையில் நாட்டார் தேசப்பன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சங்கராவுக்கு விலை கூவிக்கொண்டிருந்தார். ஊர்த் தலைவர் அவர்தான். அரசு போட்டின் மறுபாதி அவர் மருமகனுடையது.

ஆட்டோ கோயில் முனை திரும்பும்போது எங்கோ ஒரு விசில் கேட்டது. பழுது பார்க்கக் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு போட்டுக்கு அடியில் ஒரு ஜோடிக் கால் நழுவி உள்ளே போனதை ரெபேக்காள் பார்த்தாள். இடது குதிகாலில் நீளமான தழும்பு. திருக்கை முள் குத்திய தழும்பு அது. சீழ் பிடித்து அவன் கத்திய பதினோரு நாளும் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டியது அவள்தான்.

அரசுவின் அம்மா எல்லம்மாள் மீன் அன்னக்கூடையை இடுப்பில் வைத்தபடி எதிரே வந்தாள். மகனுக்கு வயது முப்பத்தைந்து. அவளைப் பொறுத்தவரை இன்னும் பல் முளைக்கவில்லை.

"எங்கம்மா உன் புள்ள?" என்றார் ஏட்டு.

எல்லம்மாள் வாயைத் திறந்தாள். கேரளா தீர்ந்துபோயிருந்தது. மலை தீர்ந்துபோயிருந்தது. சாவதற்குச் சொந்தத்தில் ஆள் பாக்கியில்லை. வெயில் மண்டையில் இறங்கியது. அவள் வாயிலிருந்து தானாகவே அது வந்து விழுந்தது.

"இன்னாத்த சொல்வேன் சார்... கடலுக்குப் போனவன் பத்து நாளாச்சு. கரை வந்து சேரல சார்."

நண்டு கழற்றிய கைகள் நின்றன. ஏலம் நின்றது. அந்தக் குப்பத்தில் யாரைப் பற்றியும் எந்தப் பொய்யும் சொல்லலாம், ஒருவரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். உயிரோடு இருக்கிற ஒருவனைக் கடல் கொண்டது என்று மட்டும் சொல்வதில்லை. விளையாட்டுக்குக்கூட, சண்டையில்கூட, குடித்துவிட்டுக்கூடச் சொல்வதில்லை. எல்லம்மாளுக்கே சொன்ன பிறகுதான் தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் போலீஸ்காரர் எதிரில் துப்பியதை எப்படி விழுங்குவது? தேசப்பனைப் பார்த்தாள்.

தேசப்பன் இரண்டு தரம் இருமினார். "ஆமா சார்" என்றார். "வலை மட்டும்தான் கெடச்சுது."

ஏட்டின் முகம் இருபத்திரண்டு மாதத்தில் முதல் தடவையாக மலர்ந்தது. "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? எத்தினி நட!" என்று ஆட்டோ சீட்டிலேயே காகிதத்தை விரித்து எழுதினார். தேசப்பன் கையெழுத்துப் போட்டார். நாற்பது வருஷப் பழக்கம், எதில் கையெழுத்துப் போட்டாலும் சட்டைப் பையிலிருக்கும் ஊர் முத்திரையையும் குத்திவிடுவார். கை அது பாட்டுக்குக் குத்திவிட்டது.

"முடிஞ்சுதும்மா" என்றார் ஏட்டு. "செத்தவனுக்கு வாரண்டு கெடையாது. இனிமே நீ அலைய வேணாம்."

கோபம் வந்தால் சிலருக்குக் கண் சிவக்கும். ரெபேக்காளுக்குக் காது அடைக்கும். அலை சத்தம் நின்றது. டிராக்டர் சத்தம் நின்றது. இருபத்திரண்டு மாதமாக மற்றவர் வீட்டில் மிஞ்சிய சாம்பாரை டப்பாவில் வாங்கி, வழியில் மோந்து பார்த்து, கெட்டதைத் தான் தின்று நல்லதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவள், கவிழ்ந்த போட்டின் ஓரத்தில் தெரிந்த அந்தக் குதிகாலையே பார்த்துக்கொண்டு நின்றாள். 'அதோ கீறான்' என்று கத்தலாம். மூன்றாம் தடவை கத்தினாள். அவன் கடலில் குதித்தான், ஏட்டு பூட்ஸைக் கழற்றினார், அதற்குள் அவன் சட்ராஸ் கரையைத் தாண்டிவிட்டான்.

அவள் கத்தவில்லை. கொண்டையை அவிழ்த்துவிட்டு, மணலில் பொத்தென்று உட்கார்ந்து, மாரில் அறைந்துகொண்டு ஒப்பாரி வைத்தாள். மாமனார் செத்தபோது எல்லம்மாளிடம் கற்றுக்கொண்ட ஒப்பாரி. அவள் போகிற சர்ச்சில் அதெல்லாம் கிடையாது, ஆனால் தொண்டை நல்ல தொண்டை.

"கடலுக்குப் போன ராசா
கரையேற மாட்டியா
கவுந்த போட்டுக்கு அடியில
காத்தில்லாமப் போனியா
பெத்த பொண்ணு ரெண்டும்
பசியில தேடுதய்யா
பாவி உன் குதிகாலு
பளபளன்னு தெரியுதய்யா..."

குதிகால் சட்டென்று உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் போட்டு ஒரு தும்மல் போட்டது. யாரும் கண்டுகொள்ளவில்லை. பழைய போட்டு, தும்மத்தான் செய்யும்.

"ஏய், எந்திரிடி! இன்னா நாடகம்?" என்று எல்லம்மாள் பதறினாள்.

"நாடகமா? புருசன் செத்தா அழக் கூடாதா அத்த? அழுதாச்சு." ரெபேக்காள் மூக்கைச் சிந்தி எழுந்தாள். "நாட்டாரே, இன்னிக்கு எம்புருசன் போட்டு எறங்கிச்சா?"

"எறங்கிச்சு" என்றார் தேசப்பன், என்ன வருகிறது என்று தெரியாமல்.

"அப்ப கடல் கொண்டவன் பங்க எடுத்து வையுங்க."

அந்தக் குப்பத்தில் அது ஒரு வழக்கம். கடலுக்குப் போனவன் திரும்பவில்லை என்றால், கடைசிப் பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை அவன் கடலுக்குப் போய் வந்தது போலவே ஒவ்வொரு நாளும் அவன் ஆள் பங்கு அவன் பெண்சாதிக்கு வந்துவிட வேண்டும். போட்டில் அவனுக்குப் பாதி இருந்தால் போட்டுப் பங்கிலும் பாதி. கேட்காமலே வர வேண்டும். கேட்க வைத்தால் ஊருக்கு அவமானம். வலை அவிழ்க்கும் பெண்களின் வட்டத்தில் உட்கார்ந்திருந்த மீனாட்சி பதினோரு வருஷமாக அப்படித்தான் சாப்பிடுகிறாள்.

தேசப்பன் நாற்காலியை விட்டு எழுந்தார். "இந்தாம்மா, அது ஊர்ப் பொண்ணுங்களுக்கு. நீ வெளிய இருந்து வந்தவ. உனக்கும் இதுக்கும் சம்மந்தம் கெடையாது."

"கெடையாதா? என்னக் கட்டினதுக்கு ஊர்ல அபராதம் வாங்கினீங்களே, முப்பதாயிரம்! யார் கம்மல அடகு வெச்சிக் கட்டினது? என் கம்மலு! எங்கம்மா நாத்து நட்டு வாங்கிப் போட்ட கம்மலு! அத வாங்கிகினு ஊர் வரி நோட்டுல எம்பேர ஏத்தினீங்களா, இல்லியா? அந்தக் காசுலதான கெங்கையம்மன் கோயிலுக்கு டைல்ஸ் போட்டீங்க? வாங்க நாட்டாரே, அந்த டைல்ஸ் மேல நின்னுகினு சொல்லுங்க, இவ ஊர்ப் பொண்ணு இல்லன்னு. நான் போய்க்கினே இருக்கேன்."

கோயில் அறுபது அடி தூரத்தில் இருந்தது. டைல்ஸ் வெயிலில் மின்னியது. அதன் மேல் போய் நிற்க யாருக்கும் தோன்றவில்லை. சூடாக இருந்திருக்கும்.

"சார் இருக்காரு, நாளைக்குப் பேசிக்கலாம்..." என்றார் தேசப்பன்.

"இன்னாத்த நாளைக்குப் பேசறது?" மீனாட்சி எழுந்தாள். அதிகம் பேசாத பொம்பளை. கையில் பாதி கழற்றிய நண்டு இன்னும் கால் ஆட்டிக்கொண்டிருந்தது. "எம்புருசன் செத்ததுக்கும் நீதான அண்ணாத்த சீல் குத்துன? அதே சீலுதான இது? இது பொய்யின்னா, நாளைக்கு எம்பங்கையும் பொய்யின்னு ஒருத்தன் சொல்லுவான். கடல வெச்சி வெளையாடறீங்களா? பத்து நாளா நான் கரையில தேடினேன். எங்க வூட்டாரோட ஒரு வெரலு கூட கெடைக்கல. இங்க ஒருத்தன்..." அவள் போட்டைப் பார்த்தாள். மீதியைச் சொல்லவில்லை. காறித் துப்பினாள். "அவ பங்க எடுத்து வை. இல்லனா நீ குத்துன சீல அழி."

வட்டமாக உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஆண்கள் கடலைப் பார்த்தார்கள். கடலில் அப்போது பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

ரெபேக்காள் எல்லம்மாள் எதிரில் போய் இரண்டு கையையும் நீட்டினாள். "வளையல உடை அத்த. உம்புள்ள செத்துட்டான்னு நீதான சொன்ன. மொற தெரிஞ்சவ நீதான் உடைக்கணும். பொட்ட அழி. படத்துக்கு மால போடு. எல்லாத்தயும் சாரு எதிரிலயே செய்யி."

எல்லம்மாள் அந்தக் கைகளைப் பார்த்தாள். வளையல் பிளாஸ்டிக், உடைப்பது கஷ்டம். ஆனால் அவள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். "வேணாண்டி" என்றாள். "அப்பிடிலாம் செய்யாதடி. எம்புள்ள உசுரோட கீறான்டி!"

"உசுரோட கீறானா? அப்ப சாரு கையில புடிச்சிக் குடு. உசுரோட இருந்தா வாரண்டு. செத்துட்டான்னா பங்கு. எதுன்னு நீயே சொல்லு. ரெண்டும் இல்லாம எம்புள்ளைங்க மட்டும் பட்டினி கெடக்கணும்னா, அது நடக்காது."

ஏட்டு வாசுதேவன் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். தண்ணீர் குடித்தார்.

மணி பதினொன்று. பைபர் போட்டு வெயிலில் எப்படிக் காயும் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். அதன் முதுகில் நெத்திலி காயப்போட்டால் முக்கால் மணியில் கருவாடு. அடியில் என்ன ஆகும் என்பதை அதற்கு முன் யாரும் சோதித்ததில்லை. எல்லம்மாள் தள்ளாடிப் போய்ப் போட்டின் மேல் இரண்டு கையாலும் அறைந்தாள்.

"வாடா வெளிய! அம்மா கூப்புடறேன், வாடா! பொணம்னு எழுதி சீல் குத்திட்டான்டா! ரெண்டு பொட்டப் புள்ளைங்களுக்குச் சோறு போட்டா நீ கொறஞ்சா பூடுவ? வந்து 'நான் கீறேன்'னு ஒரு வார்த்த சொல்றா என் ராசா!"

எல்லோரும் போட்டைப் பார்த்தார்கள். ஏட்டும் பார்த்தார். உள்ளே யாரோ புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

எல்லம்மாள் அப்படியே நின்றாள். வெயில் சுட்டது, கையை எடுக்கவில்லை. பத்து மாதம் சுமந்தவள், ஏழு தடவை பொய் சொன்னவள், போட்டை அறைந்து கூப்பிட, பெற்ற பிள்ளை உள்ளே சத்தம் போடாமல் கிடக்கிறான். அவள் முகம் மாறியதை ரெபேக்காள் பார்த்தாள். தினமும் காலையில் பாத்திரம் தேய்க்கும்போது எவர்சில்வர் தட்டில் தான் பார்க்கும் முகம் அது.

எல்லம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"செத்துட்டான்" என்றாள். "போடு நைனா பங்க."

தேசப்பன் வாயைத் திறந்தார். "போடுன்றேன்!" என்ற கத்தலில் வாயை மூடிக்கொண்டார். மீனாட்சி கூடையை எடுத்து, சங்கராவும் காரப்பொடியும் நாலு நண்டும் தன் கையால் அள்ளிப் போட்டாள்.

ஏட்டு இரண்டு காகிதத்தையும் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "இப்ப நான் கோர்ட்ல எதம்மா குடுக்கறது? வாரண்டா, இதுவா?"

"வாய்தா வர வரைக்கும் ரெண்டும் உங்க பையிலயே இருக்கட்டும் சார். உங்களுக்கு அது பழக்கம்தான?"

அன்று மத்தியானம் ஒற்றை அறையில் மூன்று பேரும் வயிறு புடைக்கத் தின்றார்கள். மீன் செதிலையும் நண்டு ஓட்டையும் சுருட்டிப் போடக் காகிதம் தேடிய ரெபேக்காள், ரவிக்கைக்குள்ளிருந்த ஹாஸ்டல் படிவத்தை எடுத்து விரித்தாள். அதற்குத் தோதான அளவாகவே இருந்தது.

மறுநாளிலிருந்து எல்லம்மாளே பங்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தாள். பிள்ளைகளுக்கு வேண்டியதை எடுத்து வைத்துவிட்டு, மீதியை அணுபுரம் கேட்டில் உட்கார்ந்து விற்று, காசை ரெபேக்காள் கையில் எண்ணாமல் கொடுத்துவிட்டுப் போவாள். மருமகளிடம் ஒரு வார்த்தை பேச மாட்டாள். ஜெனிட்டாவின் தலையில் பேன் பார்ப்பாள்.

அரசு கடலுக்குப் போகாமல் இல்லை. போட்டுக்கு ஆள் வேண்டுமே. தினம் விடியுமுன் போய் வலை வீசி, இழுத்து, கரைக்கு வந்து, தன் பங்கு கூடையில் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவன் பேரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. சொன்னால் பெண்கள் துப்பினார்கள். டீக்கடையில் அவனுக்குக் கணக்கு இல்லை. ஆவணியில் அவனுக்குக் கட்டிவைப்பதாகப் பேசியிருந்த பக்கத்துக் குப்பத்துப் பெண்ணின் அப்பன், செத்தவனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்று வெற்றிலைப்பாக்கைத் திருப்பி அனுப்பிவிட்டான். முறைப்படி பேசினால் அவன் சொன்னதில் குற்றம் இல்லை.

ஆடி மாதம் ஒரு சாயங்காலம் அவன் அணுபுரத்துக்கு வந்தான். ஜாய்ஸ்தான் கதவைத் திறந்தாள். நிதானமாக ஏற இறங்கப் பார்த்தாள்.

"அம்மா, செத்துப்போன அப்பா வந்துகீது."

ரெபேக்காள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ரெபேக்கா..." என்றான் அரசு. முதுகில் தோல் உரிந்து புதுத்தோல் வந்திருந்தது. "ஊருக்கு வந்து ஒரு வார்த்த சொல்லும்மா. நான் உசுரோட கீறேன்னு. ரொம்பப் பேஜாரா கீது. எங்கம்மா கூட சோத்த வெச்சிட்டு அந்தாண்ட பூடுது. நானேதான் கடலுக்குப் போறேன், நானேதான் வலிக்கிறேன், ஒரு பீடிக்கு டப்பு இல்ல. ஒரு மனுசன் உசுரோட இருந்துகினு, இல்லாதவனாட்டம்..."

"உசுரோட கீறவன் ஸ்டேஷனுக்குப் போலாம். வாரண்டு வாசுதேவன் சார் பையில பத்திரமா கீது."

அவன் அசையவில்லை.

"இருபத்திரெண்டு மாசம்" என்றாள் ரெபேக்காள். இப்போதுதான் நிமிர்ந்தாள். கையில் அரிவாள்மனையில் பாதி அறுபட்ட மீன். "நாங்க மூணு பேரும் உசுரோடதான் இருந்தோம். உனக்குத் தெரிஞ்சுதா?"

அவன் ஜாய்ஸைப் பார்த்தான்.

"ஈ வருது, கதவச் சாத்து ஜாய்ஸ்" என்றாள். கதவு பாதி சாத்தும்போது, ஏதோ நினைவு வந்தவளாக உள்ளிருந்தே குரல் கொடுத்தாள். "ஆங், அந்த ஆளுகிட்ட சொல்லு. சின்னவளுக்கு நெத்திலி முள்ளு தொண்டையில குத்துது. நாளைக்கு வேற போடச் சொல்லு."

ஜாய்ஸ் சொன்னாள். கதவைச் சாத்தினாள்.

மறுநாள் கூடையில் நெத்திலி இல்லை.